கைச்சூடு படாதது

டீ கொஞ்சம் ஆறட்டும் சார். எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர் ஆள் பார்க்காது, யார் பிடித்தாலும் சுடும். விளிம்பை இரண்டு விரலால் பிடித்தால் தப்பிக்கலாம். நீங்கள் பாவம், உள்ளங்கையில் வாங்கிவிட்டீர்கள். சிந்தினால் சிந்திவிட்டுப் போகிறது, அப்புறம் துடைத்துக்கொள்கிறேன். நாற்காலியைச் சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள், அதற்கு ஒரு கால் குட்டை.

உணவுத் தர ஆய்வாளர் ஒருவர் இந்தப் பின்னறைக்கு வருவார் என்று படிக்கும்போது நான் நினைத்ததில்லை. நான்தான் ஆய்வாளராகி ஊரிலுள்ள பின்னறைகளுக்கெல்லாம் போவேன் என்று நினைத்திருந்தேன். உங்கள் தலைக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறதே, அதுதான் என் பட்டம். உணவு அறிவியல். எங்கள் பரம்பரையில் முதல் பட்டம், அதனால்தான் அவ்வளவு பெரிய ஆணி.

புகார் கொடுத்தது யார் என்று நான் கேட்கமாட்டேன். "இந்த விலைக்கு உண்மையான பச்சைப் பாதாம் வெண்ணெய் யாராலும் கொடுக்க முடியாது, இதில் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார்கள் என்றீர்கள். பெயர் இல்லாவிட்டால் என்ன, குரல் எனக்குக் கேட்கிறது. என் பழைய முதலாளியம்மா. பேச்சுக்குப் பேச்சு பச்சை, பச்சை என்பதால் அம்மா அவருக்குப் பச்சையம்மா என்று பெயர் வைத்திருந்தாள். வெண்ணெயில் தில்லுமுல்லு இல்லை என்று உங்கள் சோதனையே சொல்லிவிட்டது. மீதியையும் நானே சொல்லிவிடுகிறேன். நான் பொய் சொல்கிறவள் இல்லை. இந்தக் கதையே அதனால் வந்ததுதான்.

படிப்பு முடிந்ததும் அவர் கடையில்தான் சேர்ந்தேன். ஏசி, மூங்கில் அலமாரி, கண்ணாடிப் பாட்டில்கள். கடலை வெண்ணெய், பாதாம் வெண்ணெய், எல்லாம் பச்சை. அதாவது வறுக்காதது, சூடே காட்டாமல் அரைத்தது. அம்மாவிடம் விளக்கியபோது அவள் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த நூல் கீழே விழுந்தது. அம்மா அப்போது ஒரு டெய்லர் கடைக்குப் பட்டன் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என் படிப்பு முழுக்க அந்தப் பட்டன்களில் வந்ததுதான்.

"ஏண்டி, வறுத்துக் குடுத்துட்டுக் காசு கேட்டா நியாயம். வறுக்காம விட்டதுக்கு எதுக்குடி ரெட்டைக் காசு?"

"அதுலதாம்மா சத்து இருக்குன்னு நினைக்கிறாங்க."

"அப்ப நான் அடுப்பே பத்த வைக்காம இருந்தா எனக்கு எவ்வளவு குடுப்பாங்க?"

எனக்கு அங்கே தரக் கட்டுப்பாடு அதிகாரி என்று பதவி. வேலை என்னவோ லேபிள் ஒட்டுவது. ஒரு நாள் மூட்டையைப் பிரித்துப் பார்த்தேன். பாதாம் எல்லாம் ஏற்கெனவே ஆவியில் வெந்து வந்தது. கிருமி சாக, மொத்த வியாபாரியே ஆவி காட்டித்தான் அனுப்புகிறான். தப்பில்லை. ஆனால் பச்சை இல்லை. நான் போய்ச் சொன்னேன். பச்சையம்மா கோபப்படவே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நீங்கல்லாம் வீட்ல பாதாமே பார்த்திருக்க மாட்டீங்க. அதுல எது பச்சை, எது வெந்ததுன்னு உனக்கெதுக்கும்மா கவலை?" என்றார்.

எனக்கு இன்னும் அந்த 'நீங்கல்லாம்' தொண்டையில் நிற்கிறது. பச்சைப் பொய் என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது, சார். அந்தக் கடையில் உண்மையாகவே பச்சையாக இருந்தது அது ஒன்றுதான்.

வேலையை விட்டேன். பச்சை என்று போட்டால் பச்சையாக இருக்கவேண்டும், கார் இல்லாதவர்களும் வாங்கும் விலையில் இருக்கவேண்டும். இவ்வளவுதான் என் கொள்கை. சந்தைக்குள் அலைந்து அலைந்து, ஆவி காட்டாத பாதாம் வைத்திருக்கும் ஒரு கிடங்குக்காரரைப் பிடித்தேன். முழுப் பருப்பு கட்டுப்படியாகவில்லை. உடைசலாக எடுத்தேன். அரைக்கப்போகிற பொருளுக்கு அழகு எதற்கு? முந்திரியைத் தொடவில்லை. அதன் ஓட்டை உடைப்பதற்கே சூடு காட்டியாகவேண்டும், பச்சை முந்திரி என்று விற்பவர்களைப் பார்த்தால் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அரைப்பதில்தான் சிக்கல். மிக்ஸியில் போட்டால் இரண்டு சுற்றிலேயே சூடேறி எண்ணெய் கக்கிவிடும். மெதுவாகச் சுற்றும் கல் இயந்திரம் இருக்கிறது, பச்சையம்மா கடையில் ஒன்று நிற்கிறது. அதன் விலையைக் கேட்டுவிட்டு, விசாரித்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பினேன். வீட்டில் அம்மி இருந்தது. அம்மா இருந்தாள்.

நான் ஏன் அரைக்கவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. எனக்கு இயல்பிலேயே உள்ளங்கை சூடு. அம்மாவுக்குக் குளிர்ந்த கை. சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் கையை வைப்பாள், ஈரத்துணி போட்ட மாதிரி இருக்கும். தொட்ட மாத்திரத்தில் எவ்வளவு காய்ச்சல் என்று சொல்லிவிடுவாள். டாக்டர் கருவியை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "கரெக்டாச் சொல்லிட்டீங்களேம்மா" என்பார். அப்படிப்பட்ட கை. வேலைக்கேற்ற கையைத் தேர்ந்தெடுப்பதும் தரக் கட்டுப்பாட்டில் ஒரு பகுதிதான்.

முதலில் சும்மாதான் அரைத்தாள். பூங்கா வாசலில் மேசை போட்டு விற்றேன். ஆஸ்பத்திரி ஆயாம்மா வாங்கினார், பஸ் கண்டக்டர் வாங்கினார். யோகா டீச்சர் ஒருவர் வந்து, பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, பச்சையம்மா கடையின் புது லேபிளில் 'இயந்திரச் சூடு படாதது' என்று போட்டிருக்கிறார்களே, இதில் அப்படி ஒன்றும் இல்லையே என்றார். இயந்திரமே இல்லாத என்னிடம் வந்து கேட்கிறார். பச்சையம்மா இயந்திரத்தை வைத்துக்கொண்டே அப்படிப் போட்டிருக்கிறார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எங்களுது கைச்சூடுகூடப் படாததுங்க" என்றேன்.

வாயில் வந்த சொல்தான். ஆனால் நன்றாக இருந்தது. யோகா டீச்சர் கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்துவிட்டு மூன்று பாட்டில் எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் அதையே லேபிளில் அடித்தேன். உங்கள் கையில் இருக்கிறதே, அதே லேபிள். பச்சை எழுத்து.

அடித்த பிறகு அது உண்மையாக இருக்கவேண்டுமா இல்லையா? ஆவியில் வெந்ததைப் பச்சை என்று விற்கிறவருக்கும் எனக்கும் வேறென்ன வித்தியாசம்? அதனால் ஐஸ் வாங்கினேன். ஒரு தட்டில் ஐஸைப் பரப்பி அதன்மேல் அம்மி. பக்கத்தில் ஒரு வாளி ஐஸ் தண்ணீர். அம்மா மணிக்கட்டுவரை கையை அதில் வைத்திருந்து, சூடு இறங்கியதும் எடுத்து, சொட்டு ஈரமில்லாமல் துடைத்துக்கொண்டு அரைக்கவேண்டும். ஈரம் பட்டால் விழுது கெட்டுவிடும். கொஞ்ச நேரத்தில் கை வெதுவெதுப்பாகிவிடும், திரும்ப வாளி. நானே பக்கத்தில் உட்கார்ந்து வெப்பமானியை அவள் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துத்தான் அனுமதிப்பேன். உங்கள் அலுவலகத்தில்கூட இவ்வளவு கண்டிப்பு இருக்குமா தெரியவில்லை. கையுறை போட்டால் உள்ளே வேர்த்துச் சூடு பிடிக்கும் என்பதால் அதைத் தவிர்த்தேன்.

அம்மா கேலி பண்ணிக்கொண்டேதான் செய்தாள்.

"ஐஸ்ல வெச்சு அரைச்சு, இது என்னடி, வெண்ணெயா பொணமா?"

"பேசாம அரைம்மா. பேசினா மூச்சுச் சூடு படும்."

"அப்ப மூச்சையும் நிறுத்திடறேன், அதையும் லேபிள்ல போட்டுக்க."

இரண்டு பேரும் சிரித்தோம். எங்கள் வீட்டில் சிரிப்புக்குக் குறைச்சலே இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

குளிர்ந்தால் விழுது கெட்டிப்படும். இன்னும் அழுத்தி அரைக்கவேண்டும். விரல் மரத்துப்போகிறது என்றாள். பழகிவிடும் என்றேன். பழகிவிட்டது. அப்புறம் அவள் மரத்துப்போகிறது என்று சொல்லவில்லை, மரத்துப்போச்சு என்றாள். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. ஆள் புகார் சொல்வதை நிறுத்திவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்றுதானே எடுத்துக்கொள்வோம்? உங்கள் துறையிலும் அப்படித்தான் கோப்பை மூடுவார்கள் என்று கேள்விப்பட்டேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிறகு ஒரு நாள் டெய்லர் அண்ணன் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு வெள்ளைச் சட்டை. பட்டன் வரிசை நெடுகச் சிவப்புப் புள்ளிகள்.

"அக்கா, ஊசி குத்தினாக்கூடத் தெரியலையா உங்களுக்கு? அடுத்தவன் சட்டைக்கா, பாருங்க."

அம்மா விரல்களை விரித்துப் பார்த்தாள். நிஜமாகவே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. "அட, ஆமா தம்பி" என்று, வேறு யாருடைய விரலையோ பார்ப்பதுபோலச் சொன்னாள். அவர் அதோடு பட்டன் கொடுப்பதை நிறுத்திவிட்டார். அம்மா அன்று முழுவதும் ஊசிப்பெட்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். எனக்கும் வருத்தம்தான். கூடவே, இனி காலை நேரமும் அரைக்கக் கிடைக்கும் என்று தோன்றியது. தோன்றியதைத் தோன்றியது என்று சொல்லிவிடவேண்டும்.

இப்போது நீங்கள் கேட்டீர்களே ஒரு கேள்வி: "பச்சைன்னு சொல்ல உடம்புச் சூட்டுக்கு மேலகூடக் கொஞ்சம் போகலாமேம்மா. கை பட்டா என்ன ஆயிடும்? எதுக்கு ஐஸ்?"

ஒன்றும் ஆகாது. தெரியும் சார். பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது, முழு மதிப்பெண் வாங்கினேன். கைச்சூடு பட்டாலும் அது அசல் பச்சைதான், முதல் நாள் அரைத்ததும் அசல் பச்சைதான். ஐஸ் வெண்ணெய்க்குத் தேவைப்படவில்லை. லேபிளுக்குத் தேவைப்பட்டது. அந்த ஒரு வரியை எடுத்துவிட்டிருந்தால் போதும், வாளியைக் கவிழ்த்து வைத்திருக்கலாம். எடுக்கலாம் என்று சில நாள் நினைத்தும் இருக்கிறேன். எடுத்தால் பச்சையம்மாவின் வரி என் வரிக்கு மேலே போய்விடும். 'நீங்கல்லாம்' என்ற குரல் கேட்கும். அதனால் எடுக்கவில்லை. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. நான் அம்மாவையும் வற்புறுத்தவில்லை. ஒவ்வொரு தடவையும் "கொஞ்சம் வைம்மா" என்றுதான் சொன்னேன். அவளும் ஒவ்வொரு தடவையும் வைத்தாள். படித்தவள் சொன்னால் காரணம் இருக்கும் என்று நம்புகிறவள்.

நீங்கள் டம்ளரையே பார்க்கிறீர்கள். ஆமாம், அம்மா அதை அடுப்படியிலிருந்து முழுக் கையால் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். அவள் நிதானமாக நடந்து வந்ததால்தான் ஆறியிருக்கும் என்று நினைத்து நீங்களும் அப்படியே வாங்கினீர்கள். உள்ளே போய்க் கூப்பிட்டு அவள் உள்ளங்கையைப் பார்க்கவேண்டும் என்றால் பாருங்கள். சிவந்திருக்கும். வலிக்காது.

எழுதுவதை எழுதிக்கொள்ளுங்கள். புகாரில் சொன்ன குற்றம் இல்லை. ஆவி இல்லை, வறுவல் இல்லை, கலப்படம் இல்லை, விலை நியாயம், லேபிளில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. அரைத்த கையைக் கெடுத்தது நான். தெரிந்தே செய்தேன். இதற்கு உங்கள் படிவத்தில் கட்டம் இருக்காது. ஓரத்தில் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அம்மாவுக்கு என்மேல் கோபமா என்று கேட்கிறீர்கள். அதெல்லாம் இல்லை, இப்போதும் பழைய பாசம்தான். போன வாரம் எனக்கு உடம்பு கொதித்தது, எழுந்திருக்க முடியவில்லை, பல்லெல்லாம் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் கையை வைத்தாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள். புறங்கையால் பார்த்தாள், கன்னத்தில் வைத்தாள், திரும்ப நெற்றிக்கு வந்தாள்.

"சூடே இல்லையேடி" என்றாள்.

அம்மா கை என்றைக்கும் தப்பாகச் சொன்னதில்லை. எழுந்து போய் வாளிக்கு ஐஸ் வாங்கி வந்தேன்.