குறுக்கு விசாரணை தேவையில்லை

நீதிமன்ற நாற்காலிகள் இடுப்புவலிக்காரர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. அன்று நான் சட்டென்று உட்கார்ந்ததற்கு இடுப்புதான் காரணம் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் இந்த விசாரணை இப்போதே முடிந்துவிடும். ஆனால் பிறழ் சாட்சிகளை மடக்குவது எப்படி என்று இளம் வக்கீல்களுக்கு வகுப்பெடுக்கும் ஓர் அரசு வழக்கறிஞர், விசாரணை அதிகாரியிடம் பொய் சொல்வது அழகல்ல.

வழக்கு எளிமையானது. மரக்காணம் உப்பளத்தில், குடிதண்ணீர் லாரி ஏன் வரவில்லை என்று கேட்ட யுவராணியை முதலாளி பக்தவச்சலத்தின் மகன் பரத் உப்பு வாரும் பலகையால் அடித்துக் கொன்றான். பார்த்தவர் காவலாளி கலியபெருமாள் மட்டும். மாஜிஸ்திரேட்டிடம் அதைச் சொல்லியும் இருந்தார்.

சாட்சி சொல்வதற்கு முந்தின நாள் காலை என் வீட்டுக்கு வந்தார்.

"சார், கூண்டுல ஏறுனதும் நான் பாக்கலன்னுதான் சொல்லுவேன். அவங்க ஆளுங்க எதுக்க குந்தியிருப்பாங்க. நீங்க அப்பிடியே உட்டுடாதீங்க. அதட்டுங்க, மடக்குங்க. வேற வழியில்லாம ஒத்துக்கிட்ட மாதிரி உண்மைய சொல்லிடறேன். என் மச்சான் கேசுல அப்பிடித்தான் ஆச்சு. யாரும் அவன ஒண்ணும் கேக்கல."

"கோர்ட்டுல என்னை நடிக்கச் சொல்றியா?"

"வக்கீலுக்கு என்னா சார் புதுசா."

அதை நான் ரசிக்கவில்லை. இருந்தாலும் யோசனையில் சட்டப் பிழை எதுவும் இல்லை. நம் சாட்சியே நமக்கு எதிராகத் திரும்பினால், நீதிபதியின் அனுமதியோடு நாமே அவரைக் குறுக்கு விசாரணை செய்யலாம். அனுமதி கேட்பதும் கேட்காததும் என் விருப்பம்.

மறுநாள் கலியபெருமாள் சொன்னபடியே சொன்னார்: நான் எதையும் பார்க்கவில்லை.

நீதிபதி என்னைப் பார்த்தார். "பிறழ் சாட்சின்னு ட்ரீட் பண்றீங்களா?"

"தேவையில்லை, யுவர் ஆனர்." உட்கார்ந்துவிட்டேன்.

கலியபெருமாள் இறங்கவில்லை. கூண்டின் கட்டையைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "அவ்ளோதானா சார்?" என்றார். பின்வரிசையில் சிரித்தார்கள்.

பரத் விடுதலையானான். அந்த வாரமே கலியபெருமாள் உப்புநீர் வாய்க்காலில் கிடந்தார். வழுக்கி விழுந்ததாகச் சொன்னார்கள். முழங்கால் அளவுத் தண்ணீர்.

அவர் மனைவி மலர்கொடி கோர்ட் வாசலில் என்னை மறித்தாள். "அவங்களுக்கு சாதகமாத்தான சார் சொன்னாரு. அப்பறம் எதுக்கு சார் கொன்னாங்க?"

நியாயமான கேள்வி. என் வகுப்பில் யாராவது கேட்டிருந்தால் பாராட்டியிருப்பேன். கலியபெருமாளின் திட்டம் அவருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். பெண்டாட்டிக்குக்கூட அவர் சொல்லவில்லை.

அவர் வந்துபோன அன்று மாலை பக்தவச்சலத்தின் காரில் புதுச்சேரி வரை போனேன். என் பதவி நீட்டிப்பு விஷயமாக அமைச்சரிடம் பேசுவதாகச் சொல்லியிருந்தார். வழியில் பேச்சு ஓடவில்லை. கூனிமேடு தாண்டியதும், நேரம் போகட்டுமே என்று, ஒரு காவலாளி எனக்கு நடிப்பு சொல்லிக் கொடுத்த கதையைச் சொன்னேன். அவன் குரலிலேயே சொல்லிக் காட்டினேன்.

பக்தவச்சலம் சிரிக்கவில்லை. "நீங்க ஒண்ணும் கேக்க வேணாம் சார், மீதிய நாங்க பாத்துக்கறோம்" என்று மட்டும் சொன்னார். நகைச்சுவை உணர்வே இல்லாத மனிதர். அதைக் கவனிக்கத் தவறியது மட்டும்தான், ஐயா, என் குற்றம்.