ஆற்றைக் கடந்த ஊர்

– தலைத்துண்டை அவுத்ததுக்காகவா ஒரு ஊரே அடைக்கலம் கொடுத்தது? நம்பற மாதிரியா இருக்கு, பொன்னுத்தாயி?

– நெசந்தாங்க சாமி. கரும்புத் தோட்டத்துல அடி தாங்காம ஓடினது. செவந்தி அப்ப வயித்துல. மூணு நாள் காட்டுல அலைஞ்சு அந்த ஊர் எல்லைக்கு வந்தா, எதுக்க நாலு பெரியவங்க. என் வீட்டுக்காரரு நம்ம பக்கத்து வழக்கமா துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டு நின்னாரு. அங்கயும் தலைவரைத் தவிர யாரும் தலையில துணியோட ஊருக்குள்ள வரக்கூடாதாம். மரியாதை தெரிஞ்ச மனுசன்னு கூட்டிக்கிட்டுப் போய் உக்கார வச்சிட்டாங்க.

– கோவிச்சுக்காதே. பிஜித் தீவுலேர்ந்து வந்தவான்னு சொல்லிண்டு இந்த வாரம் ஒன்பது பேர் இந்த ஆபீஸ் படியேறினா. ஏழு பேர் சொன்னது முழுப் புளுகு. அங்கே குடியிருந்தவாளுக்குத்தான் திரும்பிப் போக அனுமதிச் சீட்டு. அதான் இப்படித் துருவறேன்.

– கேளுங்க சாமி. வியாழக்கிழமை மெட்ராசுல கப்பல். அதை விட்டா எனக்குக் கதி இல்ல. பொண்ணு அங்க இருக்கா.

– ஏன் விட்டுட்டு வந்தது?

– அவரோட அம்மா சாகக் கிடக்குன்னு இங்கேருந்து கடுதாசி போச்சு. புள்ளைக்குக் காய்ச்சல், கப்பல்ல ஏத்த மாட்டேன்னுட்டாங்க. ஊர்த்தலைவர் வீட்டுல விட்டுட்டு, ஆறு மாசத்துல வந்திடலாம்னு நெனச்சாரு. ஆறு வருசம் ஓடிப்போச்சு. தை மாசம் அவரும் கண்ணை மூடிட்டாரு. செவந்திக்கு இப்பப் பன்னெண்டு முடியுது.

– த்சொ. சரி, நீ சொல்ற வைநிகோரோ ஊர் எங்கே இருக்குன்னு சொல்லு, இந்தப் படத்துலே பார்க்கறேன்.

– பெரிய தீவுல கிழக்கால. கடல்ல ஆறு கலக்கிற எடத்துலேருந்து மூங்கில் தெப்பத்துல அரை நாள் மேல போகணும். ஆறு நம்ம கொள்ளிடத்துல பாதி இருக்கும். வளையிற எடத்துல ஊரு, பின்னால குன்று. குன்றுச் சரிவுல படிப்படியா வரப்புக் கட்டி சேப்பங்கிழங்கு. ஒரு படி நெறஞ்சு அடுத்த படிக்குத் தண்ணி தானா எறங்கும். மடையை அடைச்சுப்புட்டான்னு ஒரு நாள் சண்டை கிடையாது.

– சண்டை இல்லாத பாசனமா. நம்ம பக்கத்து மிராசுதாரெல்லாம் போய்ப் பார்க்கணும். ஊர் எந்தக் கரை?

– தெக்குக் கரை.

– தப்பாப் போச்சே. படத்துலே வைநிகோரோ வடகரையிலே இருக்கு.

– முன்னால வடகரைதான். அதுக்கும் முன்னால குன்று உச்சியில. சண்டைக் காலத்துல மேல கோட்டை கட்டி இருந்தாங்க. சண்டை ஓஞ்சதும் எறங்கி வடகரையில குடியேறினாங்க. பெரிய வெள்ளம் வந்து அடிச்சதுக்கப்புறம் தெக்குக் கரைக்கு மாறிட்டாங்க. எங்க போனாலும் ஊர்ப் பேரு கூடவே போகும். வீட்டுக்கு அடியில மண்ணைக் கொட்டி மேடு போடுவாங்க. ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு பேரு. புது எடத்துலயும் அதே வரிசையில மேடு போட்டு, அதே பேரையே வச்சாங்க.

– இரு. இந்தப் படம் எப்போ போட்டது... ஆயிரத்து எண்ணூத்துத் தொண்ணூறு. வெள்ளம் அதுக்கப்புறமா?

– அதுக்கப்புறந்தான். ஆனா அதுக்கு ரொம்ப முன்னாலயே கப்பல்ல அம்மை வந்து ஊருல பாதிச் சனம் போயிடுச்சாம். புது எடத்துக்கு மாறினப்ப, செத்துப்போன குடும்பங்களுக்கும் மேடு போட்டிருக்காங்க சாமி. வீடு கிடையாது, வெறும் மேடு. யாரும் அதுல கை வைக்க மாட்டாங்க.

– பெருமாளே. போய்ச் சேர்ந்தவாளுக்கும் மனை ஒதுக்கின ஊர். இங்கே உயிரோட இருக்கிற அண்ணன் தம்பி ரெண்டடிச் சந்துக்குக் கோர்ட்டுக்குப் போறான்.

– செவந்தி பொறந்தன்னிக்கு அதுல ஒரு மேட்டைக் கொடுத்து, ஊரே கூடி வீடு கட்டிக் கொடுத்தாங்க. அந்த மேட்டுப் பேரைச் சொல்லித்தான் இன்னிக்கும் அவளைக் கூப்பிடுவாங்களாம். அந்த ஊரு மண்ணை விக்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. பொறக்கணும், இல்லாட்டி அவங்களாக் கொடுக்கணும்.

– போதும்மா. இவ்வளவு சொன்னவளைத் திருப்பி அனுப்பினா ரங்கநாதன் என்னை மன்னிக்க மாட்டான். இந்தா, வீரராகவன்னு கையெழுத்துப் போட்டாச்சு, முத்திரையும் குத்தியாச்சு. மை காயற வரைக்கும் மடிக்காதே.

– நீங்க நல்லா இருக்கணும் சாமி.

– ஆபீஸ் கேள்வி தீர்ந்துது. இது எனக்காகக் கேக்கறேன். இருபது வருஷமா மத்தவாளைக் கப்பலேத்தறேன். ஸ்ரீரங்கத்துலே எங்காத்துலே கடல் தாண்டினா சேர்த்துக்க மாட்டா. படத்துலே பார்க்கறதோட சரி. அந்தக் குன்று உச்சியிலே நின்னா கடல் எப்படித் தெரியும்?

– ...அது எனக்குத் தெரியாதுங்க சாமி. ஆபீசுக்குன்னு கேட்டப்ப, அவரு தெனமும் சொன்னது அப்படியே வாயில வந்துச்சு. உங்களுக்குன்னு கேக்கறப்ப மறைக்க மனசு வரல. நான் கல்லணைக்கு அங்கிட்டுப் போனவ இல்ல. செவந்தியைப் பெத்தவ அந்த மண்ணுலயே போய்ச் சேந்துட்டா. அவரு ஊர் திரும்பினப்புறம் கட்டிக்கிட்டவ நான். எம்பொண்ணு முகத்தை நான் இனிமேத்தான் பார்க்கணும்.