டின்மீன் டின்னுக்குள்ள ஒரு இரைச்சல்

...நிப்பாட்டிட்டீங்கதானே? நல்ல வேல! அந்த அமல்ராஜ உங்கட பேண்டுல இருந்து நிப்பாட்டினது நல்ல வேல எண்டுதான் நானும் சொல்றன். இரிங்க ஜோர்ஜ் மாஸ்டர், அந்தக் கதிரையில இரிங்க. சாஞ்சிராதீங்க, ஒரு கால் சரியில்ல. உங்கட ஆம்ப்ளிஃபயர் இரையுது, அவ்வளவுதானே? மன்னார்ல கட வெச்ச நாளையில இருந்து நான் செய்ற வேலையே அதுதான், இரையிற சாமான இரையாமச் செய்றது. தொண்ணூறுல எங்கள அங்க இருந்து விரட்ட, உடுத்த உடுப்போட வள்ளம் ஏறி இங்க வந்தப்பவும் ஈயம் ஒட்டுற சோல்டர் அயன மட்டும் சாரத்துல முடிஞ்சு கொண்டு வந்தவன் இந்த ஜபார்!

இந்த அமல்ராஜ் என்ன கேட்டு வந்தான் தெரியுமா? "ஜபார் நானா, கிட்டாருக்கு ஃபஸ் பெடல் ஒண்டு செய்யப்போறன்" எண்டான். அதென்ன சாமான்டா எண்டன். கால்ல மிதிச்சா கிட்டார் கர்ர்ர் எண்டு கிளிஞ்ச மாதிரிக் கேக்குமாம். யா அல்லாஹ்! கிளிஞ்ச சத்தத்துக்கு ஒரு பெட்டி! அதுக்கு என்னத்துக்குடா மினக்கெடுற, என்ட றாக்கையப் பாரு, சனம் திருத்தக் குடுத்த ரேடியோவெல்லாம் சும்மாவே அப்பிடித்தான் பாடுது, ஒண்டத் தூக்கிட்டுப் போ எண்டன். சிரிக்கிறான்!

நீங்க சிரிக்காதீங்க மாஸ்டர், உங்களுக்கும் இதுல பங்கிரிக்கு. சனம் ஆடுற பைலாப் பாட்டுக்கு என்னத்துக்கு அந்தச் சத்தம்? ஆம்ப்ளிஃபயர் இரைஞ்சா எனக்கிட்ட கொண்டு வாறீங்க, கிட்டார் இரையல்ல எண்டு ஆள நிப்பாட்டுறீங்க! என்ன நியாயமோ... சரி, விடுங்க. அவன் விடிய கடலால வந்து மீன் இறக்கிப்போட்டு, குளிச்சும் குளிக்காமலும் இங்க வந்து குந்துவான். போன்ல ஒரு படம், இன்டர்நெட்டுல எடுத்ததாம். ரெண்டு டிரான்சிஸ்டர், கொஞ்சம் ரெசிஸ்டர், அவ்வளவுதான் சாமான். பெட்டிக்கு டின்மீன் டின் ஒண்டக் களுவிக் கொண்டு வந்தான். வடிவாக் களுவவும் இல்ல! சூடு பட்டதும் கடையெல்லாம் மீன் வாசம். எங்கயோ கிடந்த பூன வந்து மேசைக்குக் கீள படுத்தது, எளும்பவே மாட்டனெண்டுட்டுது. அவன் ஈயம் வெக்கிறதப் பாக்கணும், கோளி எச்சம் போட்ட மாதிரி! நான் ஒண்டும் சொல்லிக் குடுக்கல்ல. ஓம், டிரான்சிஸ்டர் ரெண்டும் நான்தான் குடுத்தன்... பளசு.

ஒரு நாள் மிதிச்சான் பாருங்க! கிட்டாரா அது? லொறி மணல்ல புதைஞ்சு உறுமுற மாதிரி! பக்கத்துப் பாமசி றஹ்மா எட்டிப் பாத்து, "என்ன நானா எரியுது?" எண்டா. இவன்ட மூஞ்சிய நீங்க பாக்கணும், பிள்ள பொறந்தவன் மாதிரி. "இது இரிந்தா ஜோர்ஜ் மாஸ்டர் என்ன நிரந்தரமா எடுப்பாரு நானா, கடல விட்டிருவன்" எண்டான். போன வாடைக் காத்துக்குள்ள வள்ளம் கவுந்து தப்பி வந்தவன்தானே. அதுல இருந்து பொஞ்சாதி டிலுக்ஷி, இவன் வலையத் தூக்கினாலே அளுவுறாளாம். கடல விடுறதுக்கு டின்மீன் டின்! ஹும்.

அப்ப உங்கட சேர்ச் திருநாள் வந்துது, உங்கட பேண்டும் மேடை ஏறிச்சுது. நானும் போனன். சும்மாதான், வேற அலுவல் இல்ல. இவன் முன்னுக்கு வந்து, கண்ண மூடி, பல்லக் கடிச்சு மிதிக்கிறான்... டிங் டிங் எண்டு தேன் மாதிரி வருது! பூசைக்கு வாசிக்கிற மாதிரி! சனம் சிரிச்ச சிரிப்பு! இன்னொருக்கா மிதிச்சான், அதவிடச் சுத்தம். நீங்க பாட்ட வெட்டிட்டீங்க. வெட்டாம என்ன செய்ற?

நேத்து வந்து இந்த டின்ன மேசையில எறிஞ்சிட்டுப் போறான். கிட்டார அலுமாரிக்கு மேல போட்டாச்சாம். "எனக்குக் கை ராசி இல்ல நானா" எண்டான். அவன்ட கைக்கு என்ன கேடு? வேல சுத்தமில்லதான், ஆனா கத்திச்சே!

என்ன? அப்ப மேடையில ஏன் கத்தல்லயா? ஏன்... எப்பிடிக் கத்தும்? அண்டைக்குக் காலையில பெட்டறி வயர் களண்டு போச்சு எண்டு என்ட கையில குடுத்துட்டுப் போனான். ஒட்டினன். ஒட்டிட்டுப் போட்டுப் பாத்தன், கர்ர்ர் எண்டுது. ஒரு மனிசன் எவ்வளவுதான் பொறுக்கிற மாஸ்டர்? அந்தச் சத்தத்தோட என்ட கடையில இருந்து ஒரு சாமான் வெளிய போனதில்ல! ஒரு ரெசிஸ்டர மாத்தினன். ஒரு கண்டென்சர் போட்டன். அவன் வெச்ச ஈயத்தையும் வளிச்சுப்போட்டு வடிவா வெச்சன். கை கேக்கல்ல மாஸ்டர்... திருத்திட்டன்!

பின்னேரம் வந்தவன் போட்டும் பாக்காம மேடைக்குத் தூக்கிட்டு ஓடினான், அவனுக்கு நான் சொல்லல்ல. என்ன மூஞ்சியோட சொல்ற? என்னால அவன் இன்னும் கடலுக்குத்தான் இறங்குறான், எனக்குச் சோறு இறங்குதில்ல. ராவு அதெல்லாத்தையும் களட்டிட்டன். இப்ப பளையபடி கத்துது, அசிங்கமா.

என்ன, எளும்பிட்டீங்க? ஆம்ப்ளிஃபயர்? அந்த டின்ன எங்க கொண்டு போறீங்க? அவன்ட ஊட்டுக்கா? துறைப் பக்கம், நீலக் கேட்! இன்னும் வள்ளம் தள்ளியிரிக்க மாட்டான், கெதியாப் போங்க! மாஸ்டர்! மாஸ்டர், அவனுக்குச் சொல்லுங்க, இனி வயர் களண்டா வேற கடைக்குக் கொண்டு போகட்டும்! என்ட கையில குடுத்தா நான் மறுவாயும் திருத்திப் போடுவன்!