ஒன்பதாவது லிங்கத்தின் பத்தாவது பாட்டு

— இருங்க ரேணுகாக்கா, அதுக்குள்ள ஹெட்போன கழட்டாதீங்க. இப்பதான் கித்தாரே உள்ள வருது.

— போதும்டா ஃபைஸு. முட்டுக்கட்ட போட்ட தேராட்டம் நகரவே மாட்டேங்குது. இதுல டிரம்ஸு அடிக்கறது நீயா? செல்போன் ரிப்பேர் பண்ற இந்தக் கையாலயா?

— நான்தான். இந்தப் பாட்டு மொதல்ல இருபது நிமிசம்க்கா. புதுசா கேக்கறவன் ஓடிருவான்னு நாலு நிமிசமா வெட்டியிருக்கேன்.

— வெட்டியுமா இப்டி?

— சைகடெலிக் ராக்குன்னா அப்டித்தான். கிரிவலம் போற மாரின்னு உங்க தம்பி அன்பரசன் சொல்வான். சுத்திச் சுத்திக் கெளம்புன எடத்துக்கே வரணுமாம்.

— கால்வலிதான் மிச்சம்னு சொல்லு. உங்க பேண்டுக்குப் பேரு வேற, 'ஒன்பதாவது லிங்கம்'. மலைய சுத்தி எட்டுதான்டா இருக்குது.

— ஒன்பதாவது எங்கடான்னு நாலு பேரு கேக்கட்டும்னுதான் வெச்சான்.

— திமிரு புடிச்சவன்.

— நாலு ஆல்பம் போட்டோம்க்கா. எங்கள தெரியாதவன் அதுல எத எடுத்தாலும் கண்ண கட்டிக் காட்ல வுட்ட மாரி முழிப்பான். அதான் இருக்கறதுலயே நல்லதா பத்து பாட்டு பொறுக்கி, கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்னு ஒண்ணு பண்ணியிருக்கேன். இது வாசப்படி. இத தாண்டிதான் மத்ததுக்குப் போவணும். வெள்ளிக்கிழம நெட்ல போடறோம். நீங்க சரின்னு சொன்னா மட்டும்.

— நான் இன்னாடா சொல்றது? கூடப் பொறந்தும் அவன் பாட்டு ஒண்ணுகூட நான் கேட்டதில்ல.

— அதுக்குத்தான் வரச் சொன்னேன்.

— கலெக்டராபீசுல கெடச்ச வேலைய வுட்டுட்டு கித்தார தூக்கினான் பாரு, அன்னிக்கி சொன்னேன், இனிமே உன் சத்தம் என் காதுல வுழக்கூடாதுன்னு. அம்மா இல்லாத புள்ளைய தூக்கி வளத்தவ வாயி இது. சரின்ட்டுப் போனான். அப்புறம் ஒரு போனு பண்ணல. சாவற அன்னிக்கும் பண்ணல.

— அக்கா...

— சொல்றேன் கேளு. மூச்சு இழுப்பு வந்து ரூமுல தனியா கெடக்கறான். கைல போன் இருக்குது. யாருக்குமே பண்ணலியே, ஏன்? அவன் இருந்த அடி அண்ணாமலை இன்னா சீமையிலயா இருக்குது? கீழ்பென்னாத்தூர்லேர்ந்து ஓடியாந்திருக்க மாட்டனா? அத நெனச்சா சோறு எறங்கலடா.

— தூக்கத்துலயே போயிட்டான்க்கா. அவனுக்கே தெரிஞ்சிருக்காது. அப்டித்தான் நெனைக்கணும்.

— நெனச்சிகினுதான் இருக்கறேன். சரி, வேற போடு. சனங்களுக்கு எது ரொம்பப் புடிச்சிது?

— கடைசிப் பாட்டு. பத்தாவது. அவன் போனப்புறம் நான் முடிச்சு வெளிய வுட்டது. வெளிநாட்டுக்காரன்லாம் எங்கள தேடி வர்றது அதுக்காகத்தான். வார்த்தையே கெடையாது அதுல.

— வார்த்த இல்லாம இன்னா பாட்டு?

— எங்க பழக்கம்க்கா அது. யாருக்கு எது தோணினாலும் அப்பவே வாட்ஸ்அப்ல வாய்ஸ் அனுப்பிடணும். பேசக்கூடாது. முனகலாம், விசில் அடிக்கலாம், பக்கெட்ட தட்டலாம். வாங்கறவன் அத பாட்டா ஆக்கணும். ஒரு மழையில பஸ்ஸு வைப்பர் சத்தத்த அனுப்பினான் அன்பரசன். அதான் மூணாவது பாட்டு.

— கடைசிப் பாட்டும் அவன் அனுப்பினதா?

— அவன் கடைசியா அனுப்பினதே அதான். சாயங்காலம் வந்துச்சு, காலைல ஆளு இல்ல. தாளம் பூரா அவன் கைதான், நான் டிரம்ஸ தொடவே இல்ல. எக்கோ மட்டும் போட்டேன். ரெண்டாவது பாதிதான்க்கா உசுரு. தட்டறது மெதுவாயி, மெதுவாயி, தேஞ்சே பூடும். மேடையில போட்டா ஜனம் கூடவே கைதட்டிகினு அழுவும். இந்தாங்க, மாட்டிக்குங்க.

— ம்.

— சவுண்டு ஜாஸ்தியா இருக்கா? கம்மி பண்ணவா?

— நிறுத்து.

— இன்னும் பாதிகூட வரலியேக்கா...

— நிறுத்துடா!

— இன்னாச்சுக்கா? தண்ணி குடிங்க.

— டொக் டொக் டொக்குன்னு மூணு. கொஞ்சம் வுட்டு, மறுபடி மூணு. இத அவனுக்கு யாரு கத்துக் குடுத்தா?

— அது அவனே புடிச்ச தாளம்க்கா.

— தாளம் இல்ல. நான் கத்துக் குடுத்தது. இழுப்பு ஏறிச்சின்னா அவனுக்குப் பேச்சு வராது. சின்னதுல அவன் உள்ள படுத்திருப்பான், நான் அடுப்பாண்ட நிப்பேன். வாயி வரலன்னா செவுத்துல மூணு தட்டுடா, அக்கா ஓடியாறேன்னு சொல்லி வெச்சிருந்தேன். அந்த சத்தம் கேட்டா வெந்நியும் மருந்தும் எடுத்துகினு ஓடுவேன். எங்க ரெண்டு பேரத் தவுர யாருக்கும் தெரியாது அது.

— அக்கா, சத்தியமா எனக்கு...

— பின்னாடி புஸ்ஸு புஸ்ஸுன்னு வருதே, அது இன்னா?

— போன்ல காத்து அடிச்ச சத்தம்னு நெனச்சேன். கேக்க நல்லா இருந்துச்சு. அதனால... சவுண்ட ஏத்தி வெச்சேன்.

— அது அவன் மூச்சுடா.

— யா அல்லா.

— இது வந்தப்ப நீ எங்க இருந்த?

— இங்கதான். இதே கடையில. வந்த ஒடனே கேட்டேன்.

— கேட்டுட்டு?

— செமயா இருக்குதுடான்னு பதில் போட்டேன்.

— அவ்ளோதானா?

— ரொம்ப சின்னதா இருக்குது, இன்னும் கொஞ்சம் நீட்டித் தட்டி அனுப்புடான்னு...

— அனுப்பினானா?

— ஹெட்போன குடுங்கக்கா, எடுத்து வெச்சிடறேன்.

— கேக்கறேன்ல ஃபைஸு. அனுப்பினானா?

— அதான்க்கா ரெண்டாவது பாதி.