தெரிந்ததிலிருந்து தொடங்கிய லூசியம்மாள் ஆசிரியைக்கு

கனிவுடன் கேட்டே கணக்குக் கற்பித்த கண்ணியமே! தூத்துக்குடிக் கரையில் பிறந்து, தாராவித் தகரக் கூரைகளின் கீழ்த் தமிழ்ப் பிள்ளைகளைத் தாங்கி நின்ற தகைமையே! லூசியம்மாள் அவர்களே! வணக்கம்.

எங்கள் குறிஞ்சித் தமிழ்ப் பள்ளியில், பாடம் தொடங்குமுன் பிள்ளைக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று விசாரித்த ஒரே ஆசிரியை தாங்களே! ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனால் முப்பத்தைந்து என்று ஒரு பிள்ளை சொன்னால் நாங்கள் தலையில் குட்டினோம். தாங்களோ, இரண்டில் ஏழு போகாதென்று ஏழில் இரண்டைக் கழித்த அந்தப் பிஞ்சு மூளையின் வழியைக் கண்டீர்கள். அந்தத் தவற்றுக்கு ஒரு பாட அட்டை, வேறு தவற்றுக்கு வேறோர் அட்டை, சரியான விடைக்கோ பல பாடங்களைத் தாண்டிச் செல்லும் அட்டை! பழைய காலண்டர்களை வெட்டிச் செய்த அட்டைகள் நிறைந்த அந்தப் பெட்டியில் எந்த இரண்டு பிள்ளைகளும் ஒரே வழியில் நடந்ததில்லை. மேல்நாட்டில் இதற்கென்று யந்திரம் செய்கிறார்களாம். இங்கே தங்கள் செவியே போதுமாயிருந்தது.

மூன்றாம் வகுப்பு முப்பிடாதியை மந்தம் என்று கடைசி வரிசையில் வைத்திருந்தோம். தாய் கோமதியம்மாளின் காய்கறிக் கடையில் தராசு பிடிக்கும் பெண் அவள் என்று கேட்டறிந்தவர் தாங்கள். பாவ், ஆதா, பௌனா என்று கால், அரை, முக்கால் எல்லாம் அவளுக்கு இந்தியில் அத்துப்படி! அங்கிருந்து தொடங்கினீர்கள், இன்று அவள் நாலாம் வகுப்புக் கணக்குப் போடுகிறாள்.

அதற்குள் தங்கள் பணி ஓய்வும் இந்தப் பிரிவுபசார விழாவும்! தங்களுக்குச் செய்யும் சிறப்பென்று நிர்வாகக் குழுவினர் பெட்டியைப் பிரித்து, அட்டைகளுக்கு வரிசையெண் கொடுத்து, அச்சிட்ட புத்தகமாக்கிவிட்டார்கள். மேலட்டையில் தங்கள் புகைப்படம்! ஜூன் முதல் எல்லாப் பிள்ளைகளும் முதல் பக்கத்திலிருந்து ஒன்றாகப் படிக்க வேண்டுமாம். மன்றாடிப் பார்த்தோம். "டீச்சர் புகழ் பரவ வேண்டாமா?" என்றார் செயலாளர் வானமாமலை. முன்வரிசையில் அமர்ந்து இம்மடலைக் கேட்கும்போதும் அவருக்கு இது விளங்கப் போவதில்லை என்பதே எங்கள் துக்கம்.

வேறு பெட்டி செய்துகொள்ளுங்கள் என்பீர்கள். பிள்ளையின் தவற்றைக் கோபப்படாமல் கேட்க எங்களில் ஒருவருக்கும் வரவில்லையே, அம்மா!

நேற்று கோமதியம்மாள் பள்ளி வாசலில் நின்று அழுதார். "டீச்சர் போயிட்டா எம்மவளுக்குத் தெரிஞ்சதெல்லாம் தெரியாததா ஆயிருமே! மறுபடி மொதப் பக்கத்துலயா ஒக்காரணும்?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி அனுப்பினோம்.

டோம்பிவிலியில் மகன் வீட்டில் தாங்கள் நோயின்றி, நிறைவாக, நெடுங்காலம் வாழ்க! லோக்கல் ரயிலேறி எங்கு வேண்டுமானாலும் சென்று வாருங்கள். இந்த வகுப்பறைப் பக்கம் மட்டும் வந்துவிடாதீர்கள்.

கலங்கிய கண்களுடன்,
குறிஞ்சித் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள்,
தாராவி, பம்பாய்.
ஏப்ரல் 1966