ஒரு பொய்க்குப் போன முடி

ஹப்சிகுடாவில் மெட்ரோ ஏறியதிலிருந்து அந்த மனிதரின் குரல் தணிந்தே இருந்தது. அருகில் தொப்பி போட்ட மைத்துனன்.

"என் பொய்க்கு உங்க அக்கா மொட்டை போட்டுட்டாடா."

"என்ன பொய் மாமா?"

"ரத்தத்துல கேன்சர் மார்க்கர் கூடியிருக்குன்னதும், சிகரெட் உண்டான்னு டாக்டர் கேட்டார். பக்கத்துல அவ. விட்டுட்டேன்னேன்."

"விடலையா?"

"எங்க விட்டேன்? ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னதும் அவ திருப்பதி போயிட்டா. நேத்து டாக்டர்கிட்ட தனியா உண்மையைச் சொன்னேன். கேன்சரே இல்லாம, சிகரெட்டாலயும் அந்த மார்க்கர் கூடுமாம். நீயே அக்காகிட்ட பக்குவமா சொல்லேன்."

மைத்துனன் தொப்பியைக் கழற்றினான். அங்கேயும் மொட்டை.

"நானும் வேண்டிக்கிட்டேன் மாமா."

அவர் ஜன்னல் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நக்கோ மாமா, அதெல்லாம் வேண்டாம், இங்க பாருங்க. ரெண்டு தலைக்கும் நீங்களே பதில் சொல்லுங்க."