எல்லோரும் நிஜத் தேதி சொன்ன புதன்கிழமை

அவையை அழகுற நடத்திக்கொண்டிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, முதலுக்கு மோசம் வராமல் தொழில் நடத்திய முகக்களையோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, கடையையும் குடும்பத்தையும் ஒரே தலையில் சுமந்தும் தலைவலி என்று ஒருநாளும் சொல்லாத தாய்மார்களே, மேடையில் ஒரு கண்ணும் கைப்பேசியில் ஒரு கண்ணுமாய்ப் பின்வரிசையில் இருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் அனைவர் முன்னும் கைகூப்பி நிற்கிறேன்.

தலைவர் எனக்குத் தந்த தலைப்பு, 'கணக்கு சாஃப்ட்வேரிலிருந்து ஒருங்கிணைந்த வணிகத் தளத்துக்கு'. தலைப்பை அறிவித்ததும் இரண்டு பேர் எழுந்து டீ குடிக்கப் போனதைப் பார்த்தேன். போகட்டும். திரும்பி வருவதற்குள் கதை சூடு பிடித்துவிடும்.

நானும் என் அக்காவும் நடத்துவது, நோயாளிகளுக்கான கட்டிலும் சக்கர நாற்காலியும் செய்து விற்கும் தொழில். அக்கா ஃபாக்டரியைப் பார்க்கிறார். நான் ஷோரூம்களைப் பார்க்கிறேன். அக்காவின் கணவர், எங்கள் மாமா, சாமான் வாங்குகிறார். கணக்குக்குச் சித்தப்பா. அவருக்குத் துணையாக ஒரு கணக்கு சாஃப்ட்வேர். அதைக் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை. வரி கட்ட வழி காட்டியது அது. வங்கிக்கு வகையாய் விவரம் தந்தது அது. ஒரே ஒரு கடையோடு நாங்கள் ஒண்டிக்கிடந்த காலத்தில் உற்ற துணையாய் உடன் நின்றது அது.

ஆனால் கடை ஒன்று மூன்றானது. ஃபாக்டரி விரிந்தது, கிடங்கு வந்தது, ரிப்பேருக்குத் தனியாக ஒரு சர்வீஸ் சென்டரும் வந்தது. வளர்ந்த பிள்ளைக்குப் பழைய சட்டை எத்தனை நாளைக்குப் போதும்? போன மாதம் என்ன விற்றாய் என்று கேட்டால் அந்த சாஃப்ட்வேர் பளிச்சென்று சொல்லும். நாளைக்கு எதைக் கொடுக்க முடியும் என்று கேட்டால் திருதிருவென விழிக்கும். விழித்தால் என்ன செய்வோம்? எல்லோரும் சித்தப்பா அறை வாசலில் போய் நிற்போம்.

"சித்தப்பா, மடக்கு நாற்காலி ஒண்ணு இருக்கா?"

"பில் போடலைன்னா இருக்கும்மா."

"கிடங்குல இல்லையே சித்தப்பா."

"அப்ப யாராவது எடுத்திருப்பாங்க. எடுத்தவங்க வந்து சொன்னா நான் பில் போட்டுருவேன்."

சிரிக்கிறீர்கள். ஒரே நாற்காலியை இரண்டு கடைகளில் இரண்டு குடும்பங்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு குடும்பமும் வாசலில் வந்து நின்றபோது எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குத்தான் முடிவெடுத்தோம். ஆர்டரும் ஆலையும், கடையும் கிடங்கும், கணக்கும் கையிருப்பும் எல்லாம் ஒரே தளத்தில், எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி இருக்க வேண்டும்.

அக்காவுக்கு அரை மனம். சித்தப்பாவுக்கு அந்த அரையும் இல்லை. "ஓடுற வண்டியை எதுக்கும்மா நிறுத்தி இன்ஜின் மாத்தணும்?" என்றார். அவரை ஒருவழியாகச் சமாதானப்படுத்தி, ஒரு திங்கட்கிழமை காலையில் புதிய தளத்தைத் திறந்தோம்.

திறந்தால் என்ன ஆயிற்று தெரியுமா? திரை முழுக்கச் சிவப்பு. எல்லா ஆர்டரும் தாமதம் என்றது. எல்லாச் சாமானும் போன வாரமே வாங்கியிருக்க வேண்டும் என்றது. இன்னும் செய்யத் தொடங்காத கட்டிலைக்கூட ஏன் அனுப்பவில்லை என்று கேட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையாகிவிட்டது.

ஏன் அப்படி ஆயிற்று? இங்கேதான், அன்பர்களே, எங்கள் குடும்பத் தொழிலின் ரகசியத்தைச் சொல்ல வேண்டும். உங்கள் கடையிலும் இது உண்டு. முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள்.

வாடிக்கையாளர் வெள்ளிக்கிழமை கட்டில் வேண்டும் என்பார். பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று நான் ஃபாக்டரியில் புதன்கிழமை என்பேன். அக்கா எப்படிப்பட்டவர்? என்னைத் தூக்கி வளர்த்தவர். 'இவ புதன்னா வெள்ளி' என்று மனதுக்குள் கழித்துக்கொள்வார். கழித்துவிட்டு, பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று மாமாவிடம் திங்கள் என்பார். மாமா அதையும் கழிப்பார், கழித்துவிட்டு மோட்டார் வியாபாரியிடம் அதற்கு முந்தின சனிக்கிழமை என்பார். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்களே, எங்கள் பொய்கள் ஒன்றோடொன்று அப்படிப் பொருந்தின. கூட்டிக் கழித்து எப்படியோ வெள்ளிக்கிழமை கட்டில் போய்ச் சேர்ந்துவிடும். பழைய சாஃப்ட்வேர் இதில் தலையிட்டதே இல்லை, அதற்கு பில் போடும் தேதி மட்டும் போதும். புதிய தளத்திலோ ஆளாளுக்கு அவரவர் வாய்க்கு வந்த தேதியை அப்படியே போட்டோம். பாவம், கம்ப்யூட்டருக்கு மனிதர்களைப் போலக் கழித்துக் கேட்கத் தெரியுமா? சொன்னதையெல்லாம் நம்பிவிட்டது.

(ஐயா ஒருவர் அங்கே தலையில் கை வைத்துவிட்டார். உங்கள் கடைதான் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன் ஐயா.)

புதன்கிழமை காலை ஒரு ஃபோன் வந்தது. பேசியவர் ஒரு பள்ளி ஆசிரியை. அவருடைய கணவர் மாடியிலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டவர். தலைப்பக்கம் மோட்டாரில் உயரும் கட்டிலுக்கு எங்களிடம் சொல்லி வைத்திருந்தார்.

"மேடம், வெள்ளிக்கிழமை மத்தியானம் அவரை வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றேன். கட்டில் வந்துடும்ல? சாதாரணக் கட்டில்ல படுக்க வைக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"வந்துடும்மா" என்றேன். சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தால், அத்தனை சிவப்புக்கு நடுவே அந்த அம்மாவின் கட்டிலும் ஒரு சிவப்பு. ஊரே அவசரம் என்றால் உண்மையான அவசரத்தை எங்கே தேடுவது?

அக்காவிடம் ஓடினேன். அவர் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தார்.

"மூணு நாளா என் ஆளுங்க கட்டில் செய்யல, உன் கம்ப்யூட்டருக்குப் பதில் சொல்லிட்டிருக்காங்க. ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. வெள்ளிக்கிழமை அந்தக் கட்டில் அந்த வீட்டுக்குப் போகலைன்னா, இதைத் தூக்கிப் போட்டுடு. போட மாட்டேன்னா ஃபாக்டரியைப் பிரிச்சுக் குடு. நான் தனியா பார்த்துக்கறேன்."

பிரித்துக் கொடு என்றார், அன்பர்களே. ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த அக்கா, தொழிலைப் பிரித்துக் கொடு என்றார்.

அன்று மதியம் ஃபாக்டரியின் சாப்பாட்டு அறையில் எல்லோரையும் கூப்பிட்டேன். "இன்னைக்கு யாரும் யாரையும் திட்ட வேண்டாம். இருக்கிற ஒவ்வொரு ஆர்டருக்கும் நிஜத் தேதியைச் சொல்லுங்க. முதல்ல நான் சொல்றேன்" என்றேன். என் ஆர்டர்களுக்கெல்லாம் வாடிக்கையாளர் கேட்ட தேதியைப் படித்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நினைச்சேன்" என்று மட்டும் சொன்னார்.

பிறகு மாமாவைப் பார்த்தார்.

"உங்க அக்கா திங்கள்னு சொன்னா அது புதன். கல்யாணமான நாள்ல இருந்து எனக்குத் தெரியும்" என்றார் மாமா.

"தெரிஞ்சு ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அதுக்கு முந்தின வெள்ளின்னு சொல்ல ஆரம்பிச்சுடுவியே."

அறையே சிரித்தது. அக்காவும் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் டம்ளரை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். தைப்பவர் சொன்னார், வெல்டர் சொன்னார், வண்டி ஓட்டுபவர் சொன்னார். சொல்லச் சொல்லத் தளத்தில் தேதியை மாற்றினோம். மாற்ற மாற்றத் திரையில் சிவப்பு குறைந்தது. ஒன்று அணைந்தது, பத்து அணைந்தது, பக்கம் பக்கமாக அணைந்தது. கடைசியில் ஒன்றே ஒன்று மட்டும் சிவப்பாக நின்றது. அந்த ஆசிரியையின் கட்டில்.

காரணமும் பக்கத்திலேயே இருந்தது: மோட்டார் வரவில்லை. எங்கள் தேதியைக் கழித்தே பழகிய மோட்டார் வியாபாரி, இந்த முறை கொஞ்சம் கூடுதலாகக் கழித்துவிட்டார். மாமா ஃபோன் போட்டார். "முதல்லயே நிஜத்தைச் சொல்லியிருந்தா அனுப்பியிருப்பேனே. இனிமே திங்கட்கிழமைதான் சார்" என்றார் அவர்.

"பார்த்தியா?" என்றார் அக்கா. அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

அப்போது மூலையிலிருந்து ஒரு குரல். சித்தப்பா. இந்தத் தளமே வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்ற அதே சித்தப்பா, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அந்த மோட்டாரின் பெயரைத் தட்டித் தேடிக்கொண்டிருந்தார்.

"இங்க ஒண்ணு இருக்குன்னு சொல்லுதே. சர்வீஸ் சென்டர்ல."

ரிப்பேருக்கு வாங்கிய மோட்டார். பழைய கணக்கில், ரிப்பேர் சாமானை வாங்கிய அன்றைக்கே செலவு என்று எழுதி முடித்துவிடுவார் சித்தப்பா. செலவு எழுதிய பொருள் எங்கள் கணக்கில் இல்லாத பொருள். புதிய தளத்துக்கு மாறும்போது சர்வீஸ் மெக்கானிக் தன் அலமாரியில் இருந்ததையெல்லாம் ஏற்றியிருந்தார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு ஊரெல்லாம் அலைந்திருக்கிறோம், பெரியோர்களே. மாமா வண்டிச் சாவியைத் தேடவில்லை, ஓட்டுநரையே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார்.

வெள்ளிக்கிழமை மதியம் ஃபோன் வந்தது. ஆசிரியை பேசவில்லை. கட்டிலைப் பொருத்தப் போன எங்கள் வெல்டர் பேசினார். "மேடம், அவர் வந்துட்டார். படுக்க வெச்சாச்சு. தலைப்பக்கத்தை ஏத்தினதும் ஜன்னலைப் பார்த்துட்டு, ரொம்ப நாளாச்சு வெளிய பார்த்துன்னு சொல்றார்." ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் வெளிப்படையாகவே அழுதேன்.

கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள், அத்தனையும் அந்த வெல்டருக்கு. ஆனால் கேளுங்கள், வணிகப் பெருமக்களே. தளம் வாங்கலாம். தரவு ஏற்றலாம். திரையைத் தேக்குமேசை மேல் தூக்கி வைக்கலாம். அதற்குள் யார் எதைப் போடுகிறோம்? பயத்தைப் போட்டால் பயத்தைத்தான் காட்டும். பதுக்கலைப் போட்டால் பதுக்கலைத்தான் காட்டும். பிரிந்து கிடக்கும் கணக்கைச் சேர்ப்பது ஒரு வாரத்து வேலை. பிரிந்து கிடக்கும் மனிதர்கள் ஒரே உண்மையைப் பார்க்கத் துணிவதுதான் பெரிய வேலை. மாறுங்கள், மாற அஞ்சாதீர்கள், மாறுகிற அன்றைக்கு உங்கள் ஆட்களை உட்கார வைத்து நிஜத்தைக் கேளுங்கள்.

அடுத்த திங்கட்கிழமை ஒரு புதிய ஆர்டரைப் போட்டேன். போட்ட கொஞ்ச நேரத்தில் அக்கா ஃபோன் செய்தார். பிரிப்பதைப் பற்றிப் பேசப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

"வியாழக்கிழமைன்னு போட்டிருக்கியே, நிஜமா?"

"நிஜம்க்கா."

அக்கா கொஞ்சம் யோசித்தார். இத்தனை வருடமும் அந்த இடத்தில்தான் அவர் மனதுக்குள் கழிப்பார்.

"சரி, வியாழக்கிழமை செஞ்சு தர்றேன்" என்றார்.

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்களுக்கும், சிரித்துச் சிரித்து என்னைப் பேச வைத்த தாய்மார்களுக்கும், டீ ஆறுவதற்குள் திரும்பி வந்த அந்த இருவருக்கும் என் நன்றியைக் காணிக்கையாக்கி விடைபெறுகிறேன். வணக்கம்.